ஜப்பானிய மொழியில் யோசிக்கப் பழகுகிறேன்: கியோட்டோவில் ஆறு வாரம்

கியோட்டோ வந்த நான்காம் நாள். நகரப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. அதில் "ட்சுகி தொமரிமாஸ்" என்று எழுதியிருந்தது. தலைக்குள் முதலில் ஆங்கில வாக்கியம் ஒன்று ஓடியது, அதற்கு அப்புறம்தான் பொருள் வந்தது. இந்த இரண்டு சொற்களையும் நேராகத் தமிழில் வைத்தால் "அடுத்து நிற்கும்". வரிசைகூட மாறவில்லை. அப்படியிருக்க நான் எதற்கு வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், மறுபடியும் நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்?

மதுரையில் இரண்டு வருடம் ஆங்கிலப் பாடநூல்களை வைத்துப் படித்திருந்தேன். 2023 டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையும் தேறியாயிற்று. படித்தால் புரியும். யாராவது பேசினால்தான், பதில் சொல்வதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். 2024 அக்டோபரில் ஆறு வாரம் கியோட்டோவில் தங்க வாய்ப்புக் கிடைத்தபோது நோட்டில் எழுதிக்கொண்டது ஒன்றுதான்: ஊர் திரும்புவதற்குள் ஒரு வாக்கியமாவது எந்த மொழியையும் தொட்டுவராமல், ஜப்பானிய மொழியிலேயே எனக்குள் தோன்ற வேண்டும்.

முதல் வாரம் செய்தது எளிமையான பயிற்சி. தங்கியிருந்த விடுதியிலிருந்து காமோ ஆறு இருபது நிமிட நடை. அந்த இருபது நிமிடமும் கண்ணில் படுவதை வாய்க்குள் ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கொக்கு நிற்கிறது. சைக்கிளில் பாட்டி போகிறார். காமோவும் தகானோவும் சேரும் இடத்தில் ஆற்றின் குறுக்கே ஆமை வடிவத்தில் கல் போட்டிருப்பார்கள், அதன்மேல் பிள்ளைகள் தாவித் தாவிப் போவார்கள். எல்லாம் ஒன்றாம் வகுப்பு வாக்கியங்கள். சொல் தெரியாவிட்டால் கைபேசியை எடுக்கக் கூடாது, தெரிந்த சொற்களை வைத்துச் சுற்றிவர வேண்டும். கைப்பிடிக் கம்பிக்குச் சொல் வரவில்லை. "விழாமல் இருக்கப் பிடிக்கும் இரும்பு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இரவில்தான் அகராதி.

ஒன்பதாம் நாள் தலைவலி வந்துவிட்டது. காலை முதல் இரவு வரை இதையே செய்ய முயன்றதுதான் காரணம். காலை நடைக்கும் மாலைக் கடைக்கும் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். இன்று யாராவது கேட்டால் அவ்வளவுதான் செய்யச் சொல்வேன்.

இரண்டாம் வாரம்தான் பெரிய மாற்றம். என் பயிற்சி அட்டைகளின் பின்பக்கம் முழுவதும் ஆங்கிலம். மழை பெய்த இரண்டு மாலைகளில் உட்கார்ந்து, சுமார் 600 அட்டைகளில் ஆங்கிலத்தை அழித்துத் தமிழ் எழுதினேன். எழுத எழுத ஒரு பரவசம். "தபெதெ மிமாஸ்" என்பதை விளக்க என் பாடநூல் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டது. தபெதெ என்றால் சாப்பிட்டு, மிமாஸ் என்றால் பார்க்கிறேன். சாப்பிட்டுப் பார்க்கிறேன். முடிந்தது! "கத்தெ ஒகிமாஸ்": கத்தெ வாங்கி, ஒகிமாஸ் வைக்கிறேன். நாளைக்கு வேண்டும் என்று இன்றே வாங்கி வைக்கிறோமே, அதே "வை". "யொந்தெ ஷிமாய்மாஷிதா" படித்துவிட்டேன். "தொ ஒமொய்மாஸ்" என்று நினைக்கிறேன். "நேற்று வாங்கிய பழம்" என்பதில் "வாங்கிய" எங்கே நிற்கிறதோ, அங்கேயேதான் அவர்களுடைய வினையும் நிற்கிறது.

கொரெ, ஸொரெ, அரெ என்ற மூன்றும் என்னைப் பாடாய்ப் படுத்தியவை. கொரெ இது, அரெ அது. நடுவில் ஸொரெ என்ன? கேட்பவர் பக்கத்தில் இருப்பது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேசக் கேட்டிருந்தால் தெரியும், அதுதான் "உது". நம் பக்கத்தில் பேச்சிலிருந்து போய்விட்ட சொல் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அட்டையில் "உது" என்று எழுதிய நாளிலிருந்து ஸொரெ தப்பவில்லை.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவனுக்கு இந்த ஒற்றுமை கையில் கிடைத்த வெளிச்சம். தமிழர்களுக்காகத் தமிழிலேயே எழுதிய நல்ல ஜப்பானியப் பாடநூல்கள் நிறைய வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எல்லாம் ஒத்துப்போகிறது என்று நினைத்துவிடவும் கூடாது. வந்தான், வந்தாள், வந்தேன், வந்தார்கள் எல்லாமே "கிமாஷிதா". வினையின் வாலில் ஆளைத் தேடிப் பழகிய மனதுக்கு, வாக்கியம் முடியாமல் தொங்குவது போலவே இருக்கும். கொடுப்பதற்கு இரண்டு வினைகள் இருப்பது இன்னொரு சிக்கல். விடுதி நடத்தும் அம்மா ஒருநாள் தட்டு நிறைய சீமைப்பனிச்சம் பழம் கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன், "அகெமாஷிதா" என்று. அந்த அம்மா மெதுவாகத் திருத்தினார்: "குரெமாஷிதா". பிறருக்குக் கொடுத்தால் அகெரு. எனக்குக் கொடுத்தால் குரெரு.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கல்லூரியில் படித்த இலக்கணம் நினைவுக்கு வந்தது. "தா" தன்மைக்கும் முன்னிலைக்கும், "கொடு" படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் இருக்கிறது. குரெரு வந்தால் "தா", அகெரு வந்தால் "கொடு" என்று எழுதி வைத்தேன். நம் "தா" உனக்கும் பொருந்தும், குரெரு பெரும்பாலும் என் பக்கத்துக்கு மட்டும்தான். அந்த இடைவெளியையும் அட்டையிலேயே குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் பல்வலி. மருந்துக்கடையில் நின்ற பெண் "எப்படி வலிக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சொல் இல்லை. அவர் விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். ஒரே சீராக, நாடித் துடிப்பு போலத் தட்டி, "ஸுகிஸுகி?" அப்புறம் நகநுனியால் விட்டுவிட்டுக் குத்துவது போல, "சிகுசிகு?" எனக்குள் உடனே கேட்டது: விண்விண், சுருக்சுருக். "ஸுகிஸுகி!" என்றேன். மாத்திரை கிடைத்தது. ஆங்கில மருத்துவரிடம் இந்த வலியை இவ்வளவு சரியாக நான் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து இரட்டைக்கிளவிக்கென்று நோட்டில் தனிப் பக்கம் போட்டேன். கிராகிரா என்றால் பளபள. ஸாஸா என்றால் மழை சோவென்று கொட்டுவது. இந்தச் சொற்களை மொழிபெயர்க்கவே வேண்டாம், காதிலிருந்து நேராக உடம்புக்குப் போய்விடுகின்றன. ஒரு மொழியில் யோசிப்பதற்கு இவைதான் நல்ல வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் வாரம் பெரும்பாலும் பழையபடியே போனது. பொதுக் குளியல் அறையில் கொதிக்கும் தொட்டிக்குள் காலை வைத்ததும் "அட்சுய்!" என்று தானாக வாயில் வந்ததை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். சட்டென்று வரும் சொற்கள்தான் முதலில் இடம் மாறுகின்றன.

அப்புறம் 27-ஆம் நாள். காய்கறிக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் என்னை "ஒனீசான்" என்றுதான் கூப்பிடுவார். நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அண்ணே, தம்பி என்பது மாதிரிதான். கையில் முள்ளங்கி. கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. "ஆ, ஃபுத்தெ கிதா. செந்தகுமொனோ!" என்று ஓட ஆரம்பித்தேன். மழை வந்துவிட்டது, துணி காய்கிறதே! பாதி வழியில், சந்து திரும்பும் இடத்தில்தான் உறைத்தது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அங்கே தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மழை, துணி, ஓட்டம், அந்த இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். துணி நனைந்துபோனது. பரவாயில்லை.

அதன்பிறகு தினமும் வந்தது என்று சொல்ல மாட்டேன். மீதி பதினைந்து நாளில் ஏழு முறை குறித்திருக்கிறேன். களைப்பாக இருக்கும் நாளிலும் அவசரத்திலும்தான் அதிகம். "இப்போது யோசி" என்று உட்கார்ந்தால் ஒன்றும் வராது.

எண்கள் மட்டும் அசையவே இல்லை. ஆட்களை எண்ணுவது எளிது. ஹிதொரி, ஃபுதாரி என்றால் ஒருவர், இருவர். ஆளுக்குத் தனி எண்ணுப்பெயர் நமக்கும் உண்டே. பெரிய தொகைதான் தொல்லை. அவர்கள் பத்தாயிரத்தை ஒரு "மான்" என்று கட்டுகிறார்கள். பத்து மான் ஒரு லட்சம் என்று கணக்குப் போட்டுத்தான் பழகினேன். சலவை இயந்திரத்தில் நூறு யென் நாணயங்களைப் போடும்போது கடைசி நாள் வரை ஒண்ணு, ரெண்டு, மூணு என்றே எண்ணினேன்.

மதுரைக்குத் திரும்பிப் பதினொரு நாள் ஆகிறது. காலை நடை இப்போது வைகைக் கரையில். கொக்கு இங்கேயும் நிற்கிறது, வாக்கியங்கள் இன்னும் வருகின்றன. அட்டைகளில் இன்னும் 200 பாக்கி, இந்த மாதத்துக்குள் தமிழாக்கிவிடுவேன். இன்று காலை அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறிவந்தபோது "கொபொரெரு!" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "என்னடா சொல்ற?" என்றார்.