மொத்தமே நாலு பந்து

ஆடம் கிரீன்பெர்க்னு ஒரு அமெரிக்க பேஸ்பால் ப்ளேயர். அங்க உச்சத்துல இருக்கற மேஜர் லீக்ல அவரு ஆடுனது மொத்தமே நாலு பந்து, அதுல முதல் பந்துக்கும் ரெண்டாவது பந்துக்கும் நடுவுல ஏழு வருஷம். எத்தன தடவ யோசிச்சாலும் மனசு ஆறவே மாட்டேங்குது.

2002ல சிகாகோ கப்ஸ் டீம் அவர டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புதுப் பசங்களத் தேர்ந்தெடுக்கறதுல, எடுத்தாங்க. எடுத்த உடனே மேல ஆட விட்டுட மாட்டாங்க, கீழ மைனர் லீக் இருக்கு, சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு படிப்படியா, சின்னச் சின்ன ஊருக்கு பஸ்ல போயி கொஞ்ச சம்பளத்துக்கு ஆடிகிட்டே கெடக்கணும், நம்ம பக்கத்துப் பசங்க செலக்‌ஷன் செலக்‌ஷன்னு பாலக்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலையறாங்களே, அப்படித்தான்.

2005 ஜூலை 9, ஃப்ளோரிடா மார்லின்ஸ்கூட மேட்ச். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல பிஞ்ச் ஹிட்டரா, அதாவது இன்னொருத்தருக்குப் பதிலா மட்டை புடிக்கற ஆளா, இறங்கறாரு. வலேரியோ டி லாஸ் சாண்டோஸ் போட்ட முதல் பந்தே மணிக்கு 92 மைல் வேகத்துல வந்து ஹெல்மெட்டுக்குக் கீழ பின்மண்டையில பட்டுருச்சு. ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுகிட்டு அங்கயே சரிஞ்சிட்டாரு. அதுக்கப்புறம் தலைசுத்தல், பார்வை மங்கல்னு ஒண்ணொண்ணா. அடுத்த வருஷம் கப்ஸ் விடுவிச்சிட்டாங்க.

எங்க கொழிஞ்சாம்பாறையில அறுப்பு முடிஞ்ச வயல்ல கார்க் பால் ஆடறப்ப ஒரு தம்பிக்குக் காதோரம் பட்டுச்சுங்க. வலி சீக்கிரமே போயிருச்சு, ஆனா இப்பவும் பந்து கொஞ்சம் ஷார்ட்டா வந்தாலே அவன் பின்னங்கால் தானா லெக் சைடு ஒதுங்கிரும், அவனா ஒதுக்கறதில்ல. அதப் பாத்ததுனாலதான் கிரீன்பெர்க் திரும்பவும் கீழ் லீக்ல வருஷக்கணக்கா ஆடுனாருங்கறது எனக்கு சாதாரண விஷயமாத் தெரியல.

2012ல அவருக்கு இன்னொரு சான்ஸ் குடுங்கன்னு ரசிகர்கள் கேட்டு, எந்த டீமுக்கு எதிரா அடிபட்டாரோ அதே மார்லின்ஸ் ஒரு நாள் கான்ட்ராக்ட் போட்டாங்க. அக்டோபர் 2, எதிர்ல மெட்ஸ் டீமோட பந்து போடறவரு ஆர்.ஏ. டிக்கி. அந்த வருஷம் 20 மேட்ச் ஜெயிச்சு சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்குன ஆளு, அவரு போடற நக்கிள்பால் சுழலாம ஆடி ஆடி வரும், நல்லா ஃபார்ம்ல இருக்கறவனுக்கே கஷ்டம். முதல் பந்த விட்டாரு, அடுத்த ரெண்டுக்கும் மட்டைய வீசுனாரு, படல. பேஸ்பால்ல மூணு ஸ்ட்ரைக்னா அவுட், அடிக்கத் தோதா வர்ற பந்த விட்டாலும் வீசித் தவறுனாலும் ஸ்ட்ரைக்தான். அவுட். ஸ்டேடியமே எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு.

விளம்பரத்துக்காகப் பண்ணதுன்னு சொல்றவங்க சொல்லட்டும். நான் அந்த மூணு பந்து வீடியோவத் தம்பிக்கு அனுப்பி, பந்தப் பாக்காதடா, அவரு நிக்கிறதப் பாருன்னு சொல்லியிருக்கேன்.