ஒரே 8டி, இரண்டு கவரிங் லெட்டர்

ஒரே 8டி ரிப்போர்ட்டில், அதாவது ஒரு கோளாறை எட்டுப் படியில் தீர்த்ததை எழுதும் அறிக்கையில், பெயர் இருந்த இரண்டு பேர் ஒரே ஐ.ஜே.பி.க்கு (கம்பெனிக்குள்ளேயே அறிவிக்கும் காலியிடத்துக்கு) அப்ளை செய்தார்கள். சப்ளையர் குவாலிட்டியில் ஒரு இடம். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு பேரின் கவரிங் லெட்டரும் என்னிடம் திருத்த வந்தன. இரண்டு பேருக்கும் நான் சொன்னது ஒரே யோசனைதான். ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை. கேட்காதவருக்கு அந்த இடம் கிடைத்தது.

இதை வைத்து யோசனை தப்பு என்று முடிவு கட்ட முடியாது. உள்ளுக்குள்ளேயே வேலை மாறும்போது லெட்டருக்கு இருக்கும் கனம் கொஞ்சம்தான். கடைசி இரண்டு அப்ரைசல் ரேட்டிங், இப்போதைய பொறுப்பில் எத்தனை மாதம், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருக்கிறதா, இப்போதைய மேனேஜர் ரிலீவ் செய்வாரா என்று பார்த்த பிறகுதான் லெட்டரைத் திறக்கிறார்கள். அதோடு, கிடைத்தவர் எஸ்.ஏ.பி. என்ற கம்பெனி நிர்வாக மென்பொருளில் வேலை செய்து பழகியவர். அதற்காகவே எடுத்திருக்கலாம். இப்படிச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ள முடிகிறது. ஆனால் என் யோசனைப்படி எழுதி இடம் கிடைக்காமல் போன பாலக்கோட்டுப் பெண் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

“எல்லாரும் சேந்து செஞ்சோம்னு எழுதினா, என்னை எதுக்கு சார் எடுக்கணும்? எல்லாரையும்தானே எடுக்கணும்?”

விஷயம் இதுதான். ஒரு பிராக்கெட்டில் டிரில் போட்ட துளை இடம் மாறி வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல முதல் பழி காஸ்டிங் (வார்ப்பு) மேல். வெளியிலிருந்து வரும் பொருளைச் சோதிக்கும் இன்கமிங்கில் மறுபடி அளந்தார்கள், காஸ்டிங் சரியாகவே இருந்தது. அடுத்து ஆபரேட்டர் சரியாக கிளாம்ப் செய்யவில்லை என்றார்கள். மெஷினில் பார்ட்டைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸர் இரண்டு. எந்த பீஸ் எந்த ஃபிக்ஸரில் ஓடியது என்று யாரும் குறிப்பதில்லை. லைன் இன்ஸ்பெக்டராக இருந்த இந்தப் பெண், தள்ளிய பீஸுக்குப் போடும் ரிஜெக்ஷன் டேக்கில் பார்ட் நம்பர், ஷிப்ட் ஆகியவற்றோடு ஃபிக்ஸர் நம்பரையும் எழுத ஆரம்பித்தார். ஃபார்மட்டில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் பேனாவால் எழுதினார். சில நாளில் டேக்குகளைப் பிரித்து அடுக்கினால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ஃபிக்ஸர். கழற்றிப் பார்த்தால், பார்ட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் லொகேட்டிங் பின் (முளை) ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பின் தேய்ந்தால் பார்ட் உட்காரும் இடத்தில் ஆட்டம் வரும். ஆட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, துளையும் அந்தப் பக்கம் போகும். கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் தள்ளிய இடத்திலேயேதான் இறுகும்.

பின்னை மாற்றியது டூல்ரூம். இத்தனை பீஸுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டது புரொடக்ஷன் இன்ஜினியர். தினசரி செக்‌ஷீட்டில் பின் அளவைச் சேர்த்தது ஷிப்ட் இன்சார்ஜ். எல்லாவற்றையும் தொகுத்து 8டியாக எழுதி, கஸ்டமர் முன்னால் நின்று விளக்கியவர் அந்தக் காவேரிப்பட்டணத்துத் தம்பி, அதாவது அப்ளை செய்த இன்னொருவர்.

இரண்டு லெட்டரிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம் இருந்தது. லெட்டர் இங்கிலீஷில்தான் எழுதுவார்கள், தமிழில் சொன்னால் இப்படி வரும்: “டிரில்லிங் லைனில் துளை இட விலகல் ரிஜெக்ஷனை நான் குறைத்தேன்.”

வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர் இப்படி எழுதலாம். அதைச் சரிபார்க்க யாராலும் முடியாது. உள்ளே அப்படி இல்லை. 8டியில் முதல் படியே டீம் யார் என்று எழுதுவது. டி4-இல் மூல காரணம், டி5, டி6-இல் நிரந்தர நடவடிக்கை, டி7-இல் மறுபடி வராமல் தடுப்பது, கடைசியில் டி8-இல் டீமைப் பாராட்டுவது. அந்த ஃபைல் சர்வரில் கிடக்கிறது. சப்ளையர் குவாலிட்டி மேனேஜர் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் திறந்து பார்ப்பார். சப்ளையர்கள் அனுப்பும் 8டியைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதே அவர் டிபார்ட்மென்டின் வேலை. அப்படிப்பட்டவரிடம் ஐந்து பேர் செய்ததை ஒருவர் செய்ததாக எழுதிக் கொடுத்தால் முதல் வரியிலேயே நம்பிக்கை போய்விடும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதனால் இரண்டு பேரிடமும் ‘குறைத்தேன்’ என்ற வினையை எடுக்கச் சொன்னேன். டீமை முதலில் சொல்லுங்கள், அதில் உங்கள் பங்கு எது என்று அடுத்துச் சொல்லுங்கள் என்றேன். பெண்ணின் லெட்டரில் அது “எங்கள் டீம் இந்த ரிஜெக்ஷனைக் குறைத்தது, இதில் ஃபிக்ஸர் வாரியாகத் தகவல் சேகரித்தது என் பொறுப்பு” என்று ஆனது. தம்பி தலையாட்டினார். பிறகு அவருடைய பழைய வாக்கியமே போனது என்று தெரிந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஒருவர் லெட்டரில் என்ன இருக்கிறது என்று இன்னொருவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. நம்பிக் கொடுத்த காகிதம். இரண்டு பேரும் ‘நான்’ என்றே அனுப்பியிருந்தால் பேனல் இரண்டு பேரையும் கேட்டிருக்கும், இன்டர்வியூவில் உண்மை வெளியே வந்திருக்கும். இரண்டு பேரும் திருத்தியிருந்தால் அவரவர் பங்கு தனித்தனியாகத் தெரிந்திருக்கும். ஒருவர் மட்டும் திருத்தியதால், ஒரே சம்பவத்துக்கு ஒரு ‘நானு’ம் ஒரு ‘நாங்களு’ம் பேனல் முன்னால் நின்றன. அப்போது ‘நாங்கள்’ என்பது அடக்கமாகத் தெரியாது. கூட நின்று பார்த்தவர் எழுதியது போலத் தெரியும்.

இதே லெட்டரை எப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது என்றுதான் முதலில் அந்தப் பெண் கேட்க வந்தார். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஒரு பக்கம், முந்நூறு வார்த்தைக்குள். முதல் பத்தியில் போஸ்டிங் கோட் (அந்தக் காலியிட அறிவிப்பின் எண்), உங்கள் எம்ப்ளாயி நம்பர், இப்போதைய டிபார்ட்மென்ட், எப்போதிலிருந்து. இரண்டாவதில் இரண்டே இரண்டு வேலைகள். மூன்றாவதில் அந்தப் புது வேலைக்கு உங்களுக்கு இன்னும் தெரியாதது எது, அதை எப்படிக் கற்றுக்கொள்வீர்கள் என்பது. கடைசியில் இப்போதைய வேலையை யாரிடம், எத்தனை வாரத்தில் ஒப்படைப்பீர்கள் என்பது. முதலும் கடைசியும் எல்லாப் போஸ்டிங்குக்கும் பெரும்பாலும் ஒன்றே. மாற வேண்டியது நடுவில் உள்ள இரண்டு பத்திகள். கடைசிப் பத்தியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஹெச்.ஆர். உங்கள் இப்போதைய மேனேஜரிடம் பேசும்போது அவர் முதலில் கேட்பது “இவர் போனா லைனை யார் பாக்குறது” என்றுதான். அதற்கு லெட்டரிலேயே பதில் இருந்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

நடுப் பத்திக்கு ஒரு நோட்டு வேண்டும். செய்த வேலைகளில் எட்டோ பத்தோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி: என்ன கோளாறு, நான் செய்தது, கூட யார், கடைசியில் என்ன மாறியது. போஸ்டிங் வந்ததும் அதில் என்னென்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று அடிக்கோடு போட்டு, நோட்டிலிருந்து பொருந்தும் இரண்டை எடுத்தால் போதும்.

எடுத்ததைப் படிக்கிறவர் கணக்கிலேயே எழுத வேண்டும். புரொடக்ஷன் சதவீதத்தில் பேசும், சப்ளையர் குவாலிட்டி பி.பி.எம்.மில், அதாவது பத்து லட்சத்துக்கு எத்தனை என்று, பேசும். அரை சதவீதம் என்பது 5,000 பி.பி.எம். புரொடக்ஷன் மேனேஜருக்குச் சின்னதாகத் தெரியும் அதே எண், அந்தப் பக்கம் பயங்கரமாகத் தெரியும். பிளானிங்குக்கு இரண்டுமே வேண்டாம், அன்றைக்குப் போக வேண்டிய பீஸ் போனதா, எத்தனை நின்றது என்பதுதான் கேள்வி. மெயின்டனன்ஸுக்கு மெஷின் எத்தனை நிமிடம் நின்றது என்பது. தேய்ந்த பின் ஒன்றுதான், அதை நாலு டிபார்ட்மென்டுக்கு நாலு கணக்கில் சொல்லலாம். பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு உங்கள் கையில் இல்லையென்றால் சம்பந்தப்பட்ட ரெஜிஸ்டரில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். தோராயமாக எழுதினால் அந்த ரெஜிஸ்டரை வைத்திருப்பவரே எதிரில் உட்கார்ந்திருப்பார்.

மாற்றும்போது நடக்கும் விபத்துகளும் தெரிந்தவைதான். ‘குவாலிட்டி’ என்ற வார்த்தையை எல்லா இடத்திலும் ஒரே தட்டில் ‘பிளானிங்’ என்று மாற்றி, தன்னுடைய இப்போதைய பதவியையே ‘பிளானிங் இன்ஸ்பெக்டர்’ ஆக்கி அனுப்பியவர் உண்டு. பழைய போஸ்டிங் கோட் சப்ஜெக்ட் லைனில் அப்படியே நிற்கும். நெட்டில் கிடைத்த மாதிரியை எடுத்தால், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் கம்பெனியையே ‘உங்கள் மதிப்புமிக்க நிறுவனம்’ என்று அழைத்திருக்கும். லைனில் இருப்பவர்களுக்கு கம்பெனி மெயில் இருக்காது, அதனால் ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் செய்வார்கள். கஸ்டமர் பெயரும் பார்ட் நம்பரும் போட்ட ஃபைல் அந்த சிஸ்டத்திலேயே கிடக்கும். பெயர்களை எடுத்துவிட்டு ‘ஒரு பிராக்கெட்’ என்று எழுதினால் போதும், உள்ளே படிப்பவருக்கு எது என்று தெரியும்.

ஏன் மாற விரும்புகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ராயக்கோட்டை வழியாகத் தினமும் வந்து போகிறவர்களுக்கு உண்மையான காரணம் பகலில் மட்டும் வேலை இருக்கும் ஜெனரல் ஷிப்ட்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் லெட்டரில் அதை எழுதினால் அந்த டிபார்ட்மென்ட் ஓய்வெடுக்கும் இடம் என்று சொன்னது போல ஆகிவிடும். இன்டர்வியூவில் கேட்டால் மறைக்காமல் சொல்லலாம். இப்போதைய இன்சார்ஜைப் பற்றிய குறையோ எந்த வடிவத்திலும் வேண்டாம், அந்தக் காகிதம் சுற்றி அவரிடமே வந்து சேரும்.

இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிற எனக்கு, ‘நான்’ விஷயத்தில் மட்டும் உறுதி வரவில்லை.

சப்ளையர் குவாலிட்டி வேலையை நினைத்துப் பார்க்கிறேன். சிப்காட்டுக்குள் ஒரு சின்ன யூனிட்டுக்குத் தனியாகப் போக வேண்டும். பதினைந்து வருடமாகத் தொழில் நடத்துகிற ஓனர், “எங்ககிட்ட பிரச்சனையே இல்லீங்க” என்பார். அங்கே “எங்கள் டீம் கருதுகிறது” என்று பேசினால் வேலை நடக்காது. இந்த லாட்டை எடுக்க மாட்டேன் என்று ஒருவர் நின்று சொல்ல வேண்டும். பேனல் லெட்டரில் தேடியது அந்தக் குரலாக இருக்கலாம். அப்படியென்றால் தம்பியின் ‘குறைத்தேன்’ அவர்களுக்குச் சரியாகவே கேட்டிருக்கும். அவர் கஸ்டமர் முன்னால் தனியாக நின்றவர் என்பதும் உண்மை. அவர் எழுதியதை முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

மறுபக்கம், அந்தக் குரல் அதிகமாக இருந்தது பெண்ணிடம்தான். ஃபார்மட்டில் இல்லாத ஒன்றை, யாரும் சொல்லாமல், ஷிப்ட் முழுக்க ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். டேக்கில் கிறுக்கக் கூடாது என்று ஒருமுறை ஏச்சும் வாங்கினார். அது டி1 பட்டியலில் வராது. ‘தகவல் சேகரித்தது என் பொறுப்பு’ என்ற வாக்கியத்திலும் அது வரவில்லை. பொறுப்பாக யாரும் கொடுக்கவில்லையே. நேர்மைக்காகத் திருத்திய வாக்கியத்தில் உண்மையின் முக்கியமான துண்டு விழுந்துவிட்டது என்பது போஸ்டிங் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இருந்தாலும், டூல்ரூம்காரரின் வேலையை விழுங்கிய ஒரு ‘நானை’ சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் ஐ.ஜே.பி.க்கு அப்ளை செய்கிற கிரேடில் இல்லை. அவர் பெயர் வேறு எங்கும் எழுதப்படப் போவதில்லை.

இப்போது பிளானிங்கில் ஒரு இடம் வந்திருக்கிறது. பெண் அதே லெட்டரை மாற்றிக் கொண்டுவந்தார். இரண்டாவது பத்தி இப்படி இருக்கிறது: “ரிஜெக்ஷன் டேக்கில் ஃபிக்ஸர் நம்பரை எழுதத் தொடங்கியது நான். லொகேட்டிங் பின் தேய்ந்திருப்பது அதிலிருந்துதான் தெரிந்தது. பின் மாற்றிய பிறகு இந்த பார்ட்டால் டிஸ்பாட்ச் நிற்கவில்லை.”

பழையதைவிட நல்ல வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடைசி வரிக்கு டிஸ்பாட்ச் ரெஜிஸ்டரில் தேதி வாரியாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன், பிளானிங் மேனேஜர் அதைத்தான் முதலில் கேட்பார். பின்னை மாற்றியது டூல்ரூம் என்று நாலு சொல் சேர்க்கலாமே என்றும் சொன்னேன்.

“கேட்டா இன்டர்வியூல சொல்றேன் சார். லெட்டர்ல வேண்டாம்,” என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்டர்வியூவில் அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை போஸ்டிங் மூடுகிறது. போஸ்டிங் கோடை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தேன்.