கரும்பலகையில் ஒரு இசைத்தட்டுக் கொம்பனி: பதினொரு மாதக் கணக்கு

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. தட்டச்சு, லமினேற்றிங், விண்ணப்பம் நிரப்புதல் என்று வருகிறதெல்லாம் செய்வேன். வாசலில் விலை எழுதிப்போடுகிற கரும்பலகை ஒன்று நிற்கும். இந்த வருடம் ஜனவரி 1 தொடக்கம் அதில் விலையை அழித்துவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி வருகிறேன். நாய் குழாய்க்குள் காது கொடுத்துக் கேட்கிற படம் போட்ட அந்த எச்.எம்.வி. கொம்பனியின் வாழ்க்கையில் இதே திகதியில் என்ன நடந்தது என்பதுதான் அந்த வரி.

ஏன் இந்த வேலை என்று கேட்டால், மாமாவின் பெட்டிதான் காரணம். மாமா முத்தையன்கட்டில் கமம் செய்தவர். அதற்கு முன்னம் கலியாண வீடு, கோயில் திருவிழா என்று சவுண்ட் சேர்விஸ்காரரோடு சுற்றித் திரிந்தவர். அவர் சேர்த்த 27 இசைத்தட்டுகள் வவுனியாவில் சின்னம்மா வீட்டுப் பரணில் வைக்கோலுக்குள் கிடந்து தப்பிவிட்டன. எல்லாம் பழைய 78 சுற்றுத் தட்டுகள், பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் ஓடும். அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்மா கலந்து அழுத்திச் செய்தவை. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். இரண்டு ஏற்கெனவே உடைந்துதான் வந்தன, மூன்றாவதை நானே உடைத்தேன்.

மிஞ்சிய 24ஐயும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு விசயம் உறுத்தியது. ஒன்றில்கூடத் திகதி இல்லை. பாடினவரின் பெயர், பாட்டு, ராகம், கொம்பனியின் நாய், எல்லாம் இருக்கிறது. வருடம் இல்லை. எச்.எம்.வி. தட்டில் 'என்' என்று தொடங்குகிற ஒரு இலக்கம், கொலம்பியாத் தட்டில் 'ஜி ஈ' என்று தொடங்குகிற ஒரு இலக்கம். லேபலைச் சுற்றிப் பாட்டு ஓடாத கறுப்பு வளையத்தைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் கீறின மாதிரி இன்னொரு இலக்கம். கொம்பனிக்காரன் தன் பதிவேட்டுக்காகப் போட்டது அது. வாங்குகிறவனுக்குத் திகதி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அப்படியென்றால் அந்தக் கொம்பனியின் திகதிகளை நானே தேடுகிறேன் என்று ஒரு வீம்பு வந்தது.

ஜனவரியில் அதிர்ஷ்டம் அடித்தது. 1873 ஜனவரி 1இல் வாஷிங்டனில் பிறந்தவர் பிறெட் கைஸ்பேர்க். அந்தக் கொம்பனிக்காகப் பதிவுக் கருவியைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பாட்டுப் பிடித்தவர். எங்கள் பக்கத்துக் குரல்களைத் தட்டுக்குள் ஏற்றுகிற வேலை தொடங்கியதும் அவரோடுதான். முதல் நாள் பலகைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. அன்று அதை வாசித்தது ஒரே ஒரு ஓட்டோக்கார அண்ணைதான். "ஆர் உவர், வெள்ளைக்காரனே?" என்றார். ஓம் என்றேன். "அப்ப போட்டோக்கொப்பி எவ்வளவு?" என்றார். மறுநாள் விலையைப் பலகையின் மூலையில் சின்னதாக எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 11 பற்றி மட்டும் நிறையச் சொல்லலாம். ஓவியர் பிரான்சிஸ் பரோட் 1899இல் அந்தத் திகதியில்தான் தன் நாய்ப் படத்துக்குப் பதிப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்தப் படத்தில் நாய் கேட்பது கிராமபோனை அல்ல, எடிசனின் உருளைப் போனோகிராபை. அந்த எடிசன் பிறந்ததும் 1847 பெப்ரவரி 11. பரோட்டுக்கு அது தெரிந்திருக்குமோ இல்லையோ, எனக்கு இரண்டையும் ஒரே தாளில் கண்டபோது கை பரபரத்தது. பிறகு கிராமபோன் கொம்பனி (எச்.எம்.வி. என்று நாங்கள் சொல்லுகிறது இதைத்தான்) படத்தை வாங்கச் சம்மதித்தது, ஆனால் எடிசனின் போனோகிராபை அழித்துத் தங்கள் கிராமபோனை வரையவேண்டும் என்று சொல்லிவிட்டது. படத்துக்கு 50 பவுண், உரிமைக்கு 50 பவுண். மூலப் படத்தைச் சரிவான வெளிச்சத்தில் பார்த்தால் பழைய பெட்டியின் கோடு இன்னும் அடியில் தெரியுமாம். பரோட் அதே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து 24 பிரதிகள் கொடுத்தார். போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவனுக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம் வரத்தான் செய்யும்.

இது போதாதென்று, 1963இல் அதே பெப்ரவரி 11ஆம் திகதி, அதே கொம்பனியின் லண்டன் கலையகத்தில், பீட்டில்ஸ் நால்வரும் தங்கள் முதல் நீள் இசைத்தட்டுக்கு ஒரே நாளில் பத்துப் பாட்டுப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு திகதியில் மூன்று. பலகையில் இடம் காணவில்லை, விலையை மறுபடியும் அழிக்கவேண்டி வந்தது.

அன்றைக்கே ஒரு பிழையும் விட்டேன். "நாயை முன்னால் இருத்தி வைத்து 1899இல் வரைந்த படம்" என்று எழுதியிருந்தேன். பின்னேரம் ரியூசன் விட்டு வந்த ஒரு பிள்ளை போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நிப்பர் 1895 செப்டெம்பரிலேயே செத்துப்போச்சு" என்றாள். உண்மைதான். படத்துக்கு உரிமை கேட்டபோது நாய் செத்து மூன்றரை வருடம். ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார். வெண்கட்டியை அவளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் இல்லாத கிழமைகளில்தான் எனக்குப் பயமில்லாமல் எழுத முடிந்தது.

மார்ச் வரட்சி. நாள் கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு விதி தேவை என்று விளங்கியது. ஒரு பாட்டுக்குக் குறைந்தது மூன்று திகதி இருக்கிறது: பாடிப் பதிந்த நாள், அச்சடித்த நாள், கடைக்கு வந்த நாள். அந்த நாளையில் இது சின்ன வித்தியாசமில்லை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிடித்த பாட்டு ஜெர்மனியில் ஹனோவருக்குக் கப்பலில் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்பி வரவேண்டும். கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது 1908இல்தான். இணையத்தில் சுற்றுகிற பட்டியல்கள் இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகின்றன. நான் பதிந்த நாளை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். வாய் திறந்த நாள்தானே பாட்டுக்குப் பிறந்த நாள். இந்த விதி வைத்ததும் கொப்பியில் சேர்த்து வைத்திருந்ததில் பாதி அடிபட்டுப் போனது.

இன்னொரு கரைச்சல், தமிழ். லண்டனிலும் மிலானிலும் நடந்தவைக்கு நாள், மணி, ஹோட்டல் அறை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் எச்.எம்.வி.க்கு முதல் தட்டுப் பாடியது 1926 என்கிறார்கள். எந்த மாதம், எத்தனையாம் திகதி? பலகைக்கு வருடம் மட்டும் போதாதே. கடைசியில் பிறந்தநாள்களில் ஒதுங்கினேன். மார்ச் 1 தியாகராஜ பாகவதர், 1910. ஜூன் 24 கண்ணதாசனும் எம்.எஸ். விசுவநாதனும், 1927இலும் 1928இலும் ஒரே திகதியில். ஜூலை 28 ஏவி. மெய்யப்பன், 1907, படம் எடுக்க முன்னம் அவர் இசைத்தட்டு விற்ற மனிதர். பிறந்தநாள் எழுதுவது என் கணக்கில் கள்ள ஆட்டம்தான். ஆனால் ஜூன் 24 அன்றைக்குத்தான் அதிகம் பேர் நின்று வாசித்தார்கள். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே முழுப் பாட்டொன்றைப் பாடிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11க்கு வருகிறேன். 1902இல் அந்தத் திகதியில் மிலான் நகர ஹோட்டல் அறையில் கைஸ்பேர்க் எல்லாவற்றையும் பொருத்தி வைக்க, என்றிக்கோ கரூசோ என்ற இளம் பாடகர் வந்து ஒரே பின்னேரத்தில் பத்துப் பாட்டுப் பாடிக் கொடுத்தார். கூலி 100 பவுண். மைக் இல்லாத காலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற குழாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பாடவேண்டும், சத்தத்தின் பலத்திலேயே ஊசி மெழுகைக் கீறவேண்டும். 1925 வரைக்கும் இப்படித்தான். மெல்லிய குரல்காரருக்கு அந்தக் குழாய் இரக்கம் காட்டவில்லை, கரூசோவின் குரல் அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. நல்ல வரி, பலகையும் நன்றாக வந்தது. படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

மே 13, பாடகி நெல்லி மெல்பா அம்மையார் லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் கொம்பனியின் தொழிற்சாலைக்கு அடிக்கல் வைத்த நாள், 1907. மே 18 கடை பூட்டு. பலகையை முதல் நாளே துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இந்தப் பலகை முதலிலிருந்தே பிடிபடவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வந்த கிழமை, குசினிக் கதவடியில் இருந்து கேட்டா:

"உவையள் எல்லாருக்கும் திகதியில தான் வருமே? திதி இல்லையே?"

"வெள்ளைக்காரருக்கு ஏதம்மா திதி?"

"அப்ப நிலவில்லாத நாளிலயும் கொண்டாடுவினமோ?"

சிரித்தேன், ஆனால் அது மண்டைக்குள் இருந்து அரித்தது. எங்கள் வீட்டில் செத்தவருக்குத் திகதி இல்லை. மாதம், பக்கம், திதி, அவ்வளவுதான். மாமாவுக்கும் அப்படித்தான்: பங்குனி, அபரபக்கத் துவிதியை. ஒவ்வொரு வருடமும் தினக் கலண்டரைப் புரட்டி அம்மா ஒரு நாளைச் சொல்லுவா, படைப்போம். திகதியாக அது என்ன நாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. 2009 கடைசிச் சண்டைக்குள் மாத்தளனில் ஆரிடம் கலண்டர் இருந்தது? மரணச் சான்றிதழ் எடுக்கப் போனபோது ஏதோ ஒரு திகதியைச் சொல்லித்தான் கட்டத்தை நிரப்பினோம். அந்தப் படிவத்தை நிரப்பினதும் நான்தான். மற்றவர்களுடையதையும் அதே மாதிரி நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

"துவிதியை எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

"பூரணை கழிஞ்சு இரண்டாம் நாள். நிலவு வெளிக்கிடுமட்டும் பாத்துக்கொண்டிருந்துதானே கிடங்கு வெட்டினவங்கள்."

கொம்பனியின் திகதிகளைத் தேடித் தேடிக் கை பழகியிருந்தது. அன்றிரவே 2009இன் பூரணைகளை எடுத்துப் பார்த்தேன். பங்குனிப் பூரணை ஏப்ரல் 9. அதிலிருந்து இரண்டாம் நாள் ஏப்ரல் 11.

போனில் அந்த நாளின் பலகைப் படம் இருந்தது. கரூசோ, பத்துப் பாட்டு, 100 பவுண். நான்தான் எழுதினேன், வடிவான எழுத்து.

அம்மாவிடம் திகதியைச் சொன்னேன். வாங்கிக்கொண்டா, ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தால், "பலகையில போட்டிடாதை" என்றா. அடுத்த வருடமும் படைப்பது துவிதியைக்குத்தான். மாமாவின் பெட்டி மூடிக்கு உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், பெட்டியைத் திறக்கிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

பிறகு இரண்டு மாதம் வேலை மந்தம். ஓகஸ்ட் 29இல் பரோட்டையும் (1924), செப்டெம்பர் 2இல் கைஸ்பேர்க்கையும் (1951) அனுப்பி வைத்தேன். செப்டெம்பர் 16 எம்.எஸ். பிறந்த நாள். மாமாவின் பெட்டியில் அவருடைய தட்டு ஒன்று கீறலோடு இருக்கிறது. கொழும்பிலிருந்து எடுப்பித்த சின்னப் பெட்டிப் பிளேயரில் அன்று காலை போட்டேன். 78 தட்டின் கோடு அகலம், அதற்கென்று தடித்த ஊசி வேண்டும். சாதாரண ஊசி கோட்டின் அடியில் போய்க் கரகரக்கிறது. அது தெரியாமல் ஒரு கிழமை தட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசி மாற்றினதும் குரல் எழும்பி முன்னுக்கு வந்தது. விண்ணப்பம் நிரப்ப வந்த ஒரு ஆச்சி பேனையை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கேட்டா.

நவம்பரில் நெருக்கடி. 8ஆம் திகதி, எமில் பேர்லினருக்குக் கிராமபோனுக்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த நாள், 1887. 11ஆம் திகதி, கல்கத்தா ஹோட்டலில் கைஸ்பேர்க் முன்னால் கௌஹர் ஜான் பாடிய நாள், 1902. பாட்டு முடிகிற இடத்தில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்துவார் அவர். ஹனோவரில் லேபல் ஒட்டுகிறவனுக்கு இது ஆர் குரல் என்று தெரியவேண்டுமே. பெயர் சொன்ன அந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதின அன்று, பள்ளிக்கூடம் விட்ட பொடியள் இரண்டு நாளாக எதைச் சொன்னாலும் கடைசியில் தங்கள் பெயரையும் கத்திக்கொண்டு போனார்கள். 12ஆம் திகதி, அபே றோட் கலையகத் திறப்பு, 1931; ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வேர்ட் எல்கார் முதுமையில் வந்து லண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவை நடத்தினார். கொம்பனி கொலம்பியாவோடு இணைந்து ஈ.எம்.ஐ. ஆனதும் அந்த வருடம்தான்.

இன்றைய கணக்கு: 171 நாள் நிரம்பியிருக்கிறது, அதில் 60க்கு மேல் பிறந்தநாள். பதிந்த நாள் தெரிந்த தமிழ்த் தட்டு மாமாவின் 24இல் ஒன்றுமில்லை. ஆனால் 'என்' வரிசை இலக்கங்களை ஒழுங்காக அடுக்கி, படப் பாட்டுகளுக்குப் படம் வெளிவந்த மாதத்தைப் பக்கத்தில் போட்டுப் பார்த்ததில் நடுவில் கிடக்கிற ஒன்பது தட்டுக்கு ஒரு வருடக் கணிப்பாவது வந்திருக்கிறது. டிசெம்பருக்கு இரண்டு வைத்திருக்கிறேன்: 11ஆம் திகதி பாரதியார் பிறந்ததும் எம்.எஸ். போனதும், 16ஆம் திகதி கொழும்பு வானொலி தொடங்கியதும், 1925.

மாரி தொடங்கிவிட்டது. காலையில் எழுதுகிற வரி பத்து மணிக்கு முன்னமே சாரலில் கரைந்து வழிகிறது. பலகைக்கு மேலே ஒரு தகரத் துண்டு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் ஏ4 தாளில் எழுதி, லமினேற் பண்ணி, ஆணியில் தொங்கவிடுகிறேன்.