மரை கழன்ற இம்பல்ஸ்

பழைய ஹீரோ இம்பல்ஸ் பைக் விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தில் மூன்று விஷயம் தவறாமல் இருக்கும்: சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டினது, ஒரு ரூபாய் செலவு இல்லை. அந்த டாக்டர் வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் உரமூட்டை ஏற்றி ஓட்டியவர் என்பது வண்டியைக் கழற்றும்போதுதான் தெரியும். நம்மாள் போய்ப் பார்க்கிறார். சீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை குதிக்கிறார், ஆக்சிலேட்டரை முறுக்குகிறார், "எஞ்சின் சவுண்டு சூப்பர்ணே" என்கிறார். பேரம் அதோடு முடிந்தது. விற்பவர் இனிமேல் எதற்குக் குறைக்கப் போகிறார்?

பார்த்திருக்க வேண்டியது எஞ்சினையே அல்ல. அடியில் கட்டையை முட்டுக்கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாகத் திருப்ப வேண்டும். நேர்கோட்டுக்கு வரும்போது டக்கென்று ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தால் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) காலி. அதன் பால்ஸ், தான் உருளும் ரேஸில் குழி பறித்துவிட்டது. பின் சக்கரத்தைத் தூக்கி, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அதன் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் உருளை) காலி. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் (சஸ்பென்ஷன்) குழாயில் சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் துருப்புள்ளி தட்டுகிறதா? எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் ஒழுகும். இந்த மூன்றையும் சொன்னாலே விலையில் கணிசமாக இறங்கும்.

எஞ்சினைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த கையோடு 2011-இல் வந்த வண்டி இது. உடம்பு, பிரேசிலில் ஓடிய ஹோண்டா ப்ராஸ் 150 சாயல். இதயம் 149.2 சிசி, 13.2 குதிரைத்திறன், ஹீரோவின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் குடும்பத்து எஞ்சின். முன்னால் 19 அங்குலம், பின்னால் 17 அங்குலக் கம்பிச் சக்கரம், எடை 134 கிலோ. விற்ற காலத்தில் "இந்த உயரத்துக்கு ஏணி தருவாங்களா" என்று கேட்டு எல்லோரும் ஹங்க் வாங்கிக்கொண்டு போனார்கள். தயாரிப்பு நின்ற பிறகு ஞானம் பிறந்து எல்லோரும் தேடுகிறார்கள். எஞ்சின் ஹங்க் குடும்பத்தது என்பதால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் வகையறாவுக்கு அண்ணன் வண்டிகளின் சாமான் கைகொடுக்கும் (பழசைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கினால்). பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குத்தான் சென்னைப் புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டும். அங்கே கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இம்பல்ஸா? நாளைக்கு வா தம்பி" என்பார். அந்த நாளை வரும்போது வரும். அதுவரை உடைந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். உள்பக்கம் பித்தளை வலையைச் சால்டரிங் அயர்னால் உருக்கிப் பதித்தால் இன்னும் பல வருஷம் தாங்கும்.

கழற்றும் நாள் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். முதல் ஸ்பேனர் சத்தத்துக்கே எதிர்வீட்டு மாமா நாற்காலியோடு வந்துவிடுவார். அவரிடம் ஒரு காலத்தில் ராஜ்தூத் இருந்தது. அந்தத் தகுதியில் எல்லா போல்ட்டுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம், மண்ணெண்ணெய். அவர் பேசட்டும். கழற்றுகிறவர் செய்ய வேண்டியது, ஓர் அட்டைப்பெட்டியின் மேல் கிளட்ச் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்தில் கழற்றிய போல்ட்டோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகுவது. கவர் போல்ட்டுகள் தலை ஒன்றுபோல இருந்தாலும் நீளம் வேறு வேறு. குட்டையானதை நீளமான இடத்தில் போட்டால் ஓரிரண்டு மரைதான் பிடிக்கும், இறுக்கும்போது அலுமினியத்தோடு பிய்ந்து வரும். நீளமானதைக் குட்டையான இடத்தில் போட்டால் முனை போய் அடியில் முட்டும். போல்ட் இறுகிவிட்டது, கவர் இறுகவில்லை, ஆயில் கசியும். நம்மாளோ எல்லாவற்றையும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குலுக்கியும் வைத்திருப்பார்.

அடுத்தது ஸ்விங் ஆர்ம் போல்ட். இந்த வேலையிலேயே மனிதனின் குணம் வெளிப்படுவது இங்கேதான். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை அந்த இடத்தில் பிடித்துப் பிடித்து கிரீஸ் எல்லாம் வெளியேறி, சேறும் தண்ணீரும் உள்ளே குடியேறி, போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவால் ஒட்டிக் கிடக்கும். நட்டு மட்டும் சமர்த்தாகக் கழன்றுவிடும். அதைப் பார்த்து நம்மாளுக்கு நம்பிக்கை வரும். சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போடுவார். போல்ட் நகராது, முனை காளான் மாதிரி விரியும், அதற்குமேல் அது ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. அடிப்பதற்கு முன்னால் நட்டைத் திரும்ப மாட்டி, போல்ட் முனைக்குச் சமமாக நிறுத்த வேண்டும். மரைக்கு அதுதான் கவசம். இரண்டு பக்கமும் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தலைப்பக்கம் ஸ்பேனர் போட்டு முதலில் சுற்ற வைக்கப் பார்க்க வேண்டும். அரை சுற்று அசைந்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினால் போதும். எதற்கும் மசியாவிட்டால் சேசிஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஹேக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தெடுப்பதுதான் வழி. கையில் புது போல்ட் இல்லாமல் அறுக்க ஆரம்பிக்கக் கூடாது.

போர்க்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேல்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை உருவி, ஆயிலைக் கொட்டிவிட்டு, கடைசியாக அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டுக்கு வருவார்கள். அது சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே டாம்பர் ராடும் கூடவே சுற்றுவதால் சாயங்காலம் வரை சுற்றினாலும் கழலாது. ஸ்பிரிங்கின் அழுத்தம் ராடைப் பிடித்திருக்கும்போதே, அதாவது மேல்மூடி திறப்பதற்கு முன்னாலேயே, அடி போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். திரும்ப ஆயில் ஊற்றும்போது குப்பியின் அளவை மட்டும் நம்பாமல், ஸ்பிரிங் இல்லாமல் குழாயை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை ஸ்கேலால் அளந்து இரண்டு காலிலும் ஒரே மட்டம் வைப்பது உத்தமம்.

இப்போது லேத் கடை, தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து வாங்க.

"அண்ணே, சிலிண்டர் ரீபோர் போடணும்."

"பிஸ்டன் எங்க தம்பி?"

"போர் போட்டதும் வாங்கிக்கலாம்ணே."

"அப்ப பிஸ்டன் வாங்கினதும் வா."

அவர் சொல்வதுதான் சரி. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் வரும். கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். கடைந்து முடித்த பிறகு அந்த சைஸ் கடையில் இல்லையென்றால் சிலிண்டரைப் பேனா ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாம். உண்மையில் ரீபோர் தேவையா என்பதையும் புகை சொல்லும். ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வந்து மறுபடி திறக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வ் சீல், சில்லறைச் செலவு. ஏற்றத்தில் முறுக்க முறுக்கப் புகைந்தால் ரிங், சிலிண்டர்.

மாட்டும்போது கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிவயிறு) வாயில் துணியை அடைத்துவிட்டு பிஸ்டன் பின் கிளிப்பைப் போடச் சொன்னால் நம்மாள் கேட்க மாட்டார். கிளிப் ஸ்க்ரூடிரைவர் நுனியிலிருந்து துள்ளும். "டிங்" என்று ஒரு சத்தம். பிறகு அமைதி. எதிர்வீட்டு மாமா முதல்முறையாக வாயை மூடிக்கொள்வார். காந்தக் குச்சி இருந்தால் மீட்கலாம். ஆனால் மீட்டதைத் திரும்பப் போடக் கூடாது, புதுசுதான் போட வேண்டும். ரிங்குகளின் வாய் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது, எழுத்துக் குறி இருக்கும் பக்கம் மேலே. வால்வ் டைமிங் வைக்கும்போது மேக்னட் வீலில் 'டி' குறி நேராக நின்று, கேம் பல்சக்கரத்தின் கோடுகள் ஹெட்டின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். எல்லாம் பூட்டியதும் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இரும்பு இரும்பை முட்டியது போல் நின்றால் பலத்தைக் காட்டாமல் பிரிக்க வேண்டியதுதான். செல்ஃபை அமுக்கிப் பார்த்தால் வால்வ் வளையும்.

சேசிஸ் பவுடர் கோட்டிங் போய் வந்து பளபளவென்று நிற்கும். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். மரைக்குள் எல்லாம் பவுடர் போய் வெந்து கல்லாகியிருக்கும். எம்6, எம்8 அளவு டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யாமல் எந்த போல்ட்டும் ஏறாது. எர்த் ஒயர் மாட்டும் இடத்திலும் கோட்டிங் ஏறியிருப்பதால் ஸ்விட்சைப் போட்டால் ஒன்றும் எரியாது. நம்மாள் உடனே ஒயரிங் கிட்டை மாற்றக் கிளம்புவார். நகம் அளவு பெயிண்டைச் சுரண்டினால் போதும் என்று யாராவது சொல்லும் வரை. எல்லாவற்றையும்விட முக்கியம் சேசிஸ் நம்பர். அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லாமல் விட்டால் கனத்த கோட்டிங்கில் எழுத்து மூழ்கிவிடும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் தேய்த்து பிரிண்ட் எடுக்கும்போது வெறும் கறுப்புப் பட்டைதான் வரும்.

கார்புரேட்டரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பைலட் ஜெட்டின் நுண்ணிய ஓட்டையில் இரும்புக் கம்பியை விடாதீர்கள், நைலான் இழை போதும், 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பும் என்பதால் ஓ-ரிங்குகளைப் புதுசாகப் போடுங்கள், ஓட்டாமல் நிறுத்தினால் பவுலை (அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தை) காலி செய்யுங்கள்.

ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிஷம் வெள்ளையாகப் புகையும். சிலிண்டரில் தடவிய ஆயிலும் சைலன்சரில் கிடந்த ஆயிலும் எரிவதுதான், பதற வேண்டாம். ஆனால் தெருவே கலைந்து போகும். "நான்தான் மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னேனே" என்று மாமாவும் நாற்காலியைத் தூக்கிக்கொள்வார்.

2011, 2012-இல் பதிவான இம்பல்ஸுக்கு 15 வருஷம் முடியும் நேரம் என்பதால் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு ஆர்.சி.யில் சிவப்பு என்று இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். போர்க் கேட்க மாட்டார்கள், ஸ்விங் ஆர்ம் கேட்க மாட்டார்கள். "ஹாரன் அடிங்க" என்பார்கள். புது போல்ட், புது சீல், புது செயின் எல்லாம் போட்ட வண்டியில் அது மட்டும் "க்ர்ர்" என்று இருமும். சேற்று வண்டிகளில் ஹாரனுக்குள்ளும் மண் இறங்கும். பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தால் குரல் திரும்பும். ஸ்க்ரூடிரைவரை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.