600 மீட்டருக்கு மேல் ஏன் விடுவதில்லை என்று கேட்கும் அப்பாக்களுக்கு

கேரளத்தில் பாலக்காடு ஜில்லாவின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே வளாகத்தில் நடக்கிற பள்ளி ஒன்றில் நான் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் சார், மீதிப் பேருக்கு மாஷ், அதாவது மலையாளத்தில் வாத்தியார். உபஜில்லா மீட்டுக்கு, அதாவது பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் தடகளப் போட்டிக்கு, ஆள் எடுத்து லிஸ்ட் ஒட்டினால் மறுநாளே யாராவது ஒரு அப்பா கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு வருவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஏனுங் சார், நம்ம பையன் தோப்புல இருந்து வேலந்தாவளம் வரைக்கும் நிக்காம ஓடறானுங்க. அவனைப் போய் 600 மீட்டர்ல போட்டிருக்கீங்களே?"

விதி அப்படித்தான் இருக்கிறது. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதிகபட்ச ஓட்டம் 600 மீட்டர். இங்கே கேரளத்தில் அந்த வயதுப் பிரிவுக்குப் பெயர் சப் ஜூனியர், அதற்கும் அதே. எல்லை தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் குறுவட்டப் போட்டிக்குப் போனாலும் இதே கதைதான். எல்.பி. என்கிற தொடக்கப் பள்ளிப் பசங்களுக்கு 50, 100 என்று முடிந்துவிடும். சப் ஜூனியர் முடிந்து ஜூனியர் பிரிவுக்குப் போனதும் 800, 1500, 3000 எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். இந்தத் தாவல் எனக்கும் பிடித்தமானதல்ல, அது வேறு விஷயம்.

ஆனால் அந்த அப்பாவிடம் நான் விதியைச் சொல்வதில்லை. உங்கள் பையன் வேலந்தாவளம் வரை ஓடுவான் என்பதை நம்புகிறேன் என்று முதலில் சொல்லிவிடுவேன். உண்மையாகவே நம்புகிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆட்டை விரட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையில் ஒருத்தனை ஒருத்தன் துரத்திக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் ஓடுகிற தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேலேயே வரும். மூச்சு வாங்கினால் நிற்பார்கள், குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள், யாராவது கூப்பிட்டால் மறுபடி ஓடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதனால் தூரம் என்னைப் பயமுறுத்துவதில்லை. அதே தூரத்தைப் பந்தயமாக்கி, ஓரத்தில் நின்று "நிக்காதே, நிக்காதே" என்று கத்துகிற பெரியவர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். தோப்பில் ஓடும்போது பிள்ளைக்கு நிற்கிற உரிமை இருக்கிறது. நெஞ்சில் நம்பர் குத்தியதும் அது போய்விடுகிறது.

ஒரு சப் ஜூனியர் 600 மீட்டரை ஓரத்திலிருந்து பாருங்கள். மைக்கில் மலையாளத்தில் லாஸ்ட் கால் கொடுப்பார்கள், நம் தமிழ்ப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு எப்போதும் அதைத் தவறவிட்டு ஓடிவரும். 400 மீட்டர் டிராக் என்றால் ஒன்றரைச் சுற்று. விசில் அடித்ததும் அத்தனை பேரும் 100 மீட்டர் ஓடுகிற வேகத்தில் பாய்வார்கள், எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருந்தாலும் சரி. முதல் வளைவு முடிவதற்குள் முன்னால் போனவன் முகம் மாறும். பாதித் தூரத்தில் விலாவைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கிருந்து பிள்ளைகளின் கண் டிராக்கில் இருக்காது, வேலியோரம் நிற்கும் அப்பாவையோ மாஷையோ தேடும். முடித்ததும் ஒரு கூட்டம் ஓடிவந்து வாயில் குளுக்கோஸ் பவுடரைக் கொட்டும். மூச்சே விட முடியாதவன் வாயில் உலர்ந்த மாவைக் கொட்டுகிற இந்தப் பழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. சரி, இதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே பையன் ஐஸ் வண்டிப் பக்கம் நிற்பான். சின்ன உடம்பு சீக்கிரம் தேறும், அது இயற்கை கொடுத்தது.

ஜூனியர் 3000 அப்படி முடியாது. எங்கள் பக்கம் பல பள்ளிகளில் 200 மீட்டர் மைதானம்தான், அதில் 15 சுற்று. நான் சுற்று எண்ணுகிற வேலையில் உட்காருவதுண்டு. முதலில் வருகிறவனுக்குக் கடைசிச் சுற்றென்று மணி அடிப்போம். அப்போது இரண்டு சுற்று பின்னால் இருக்கிற பொடியனுக்கும் அதே மணி காதில் விழும். அவன் தனக்குத்தான் என்று நினைத்து உயிரைக் கொடுத்து ஓடிவந்து கோட்டைத் தாண்டி விழுவான். "இன்னும் ரெண்டு இருக்குடா கண்ணா" என்று சொல்ல வேண்டியவன் நான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கு எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுத் தரவில்லை. சிலர் எழுந்து ஓடுவார்கள். எழாதவனைத் திட்டுகிற வாத்தியாரை நான் மதிப்பதில்லை.

பள்ளி மீட்டிலாவது வயது, பிரிவு, நடுவர் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் ஓணத்துக்கும் அந்தப் பக்கம் பொங்கலுக்கும் கிளப்காரர்கள் நடத்துகிற மினி மாரத்தானில் அதுவும் கிடையாது. ஐந்து கிலோமீட்டர், தார் ரோடு, முதல் பரிசு ரொக்கம், வயது வரம்பு இல்லை. அப்படி ஒன்றில் திரும்பும் இடத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். ஏழு மணி ஓட்டம், கொடியசைக்க வேண்டியவர் வந்து சேரும்போது ஒன்பதரை. ஆறு மணிக்கே வந்த பிள்ளைகள் வயிற்றில் கட்டன் சாயா என்கிற பாலில்லாத டீ மட்டும். பெரியவர்களெல்லாம் திரும்பிப் போய் வெகுநேரம் கழித்து ஒரு நாலாம் வகுப்புப் பெண் வந்தாள், வெறுங்கால், பக்கத்தில் ஸ்கூட்டரில் அவள் மாமா. அழுகை வரவில்லை, ஆனால் உதடு வெளுத்திருந்தது. "மாமா, கொஞ்சம் நின்னுக்கட்டுமா?" என்றாள். மாமா கெட்டவரல்ல, பாசமுள்ள மனிதர், கையில் தண்ணீர் பாட்டில் கூட வைத்திருந்தார். "இன்னும் கொஞ்சம்தான் தங்கம், நின்னா சர்ட்டிபிகேட் கிடைக்காது" என்றார். பாட்டிலை வாங்கி நானே அவளை உட்கார வைத்தேன், அவருக்குக் கோபம். அப்புறம் அவள் நடந்தே முடித்தாள், சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார்கள், மேடையில் போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. நல்ல கால் அது.

ஒடிசாவின் குழந்தை ஓட்டக்காரன் புதியா சிங்கை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்பாக்களுக்குத் தெரியும். 2006 மே 2ஆம் தேதி நான்கு வயதில் பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டர், 7 மணி 2 நிமிடம். நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது, அந்தக் காலத்தில் எங்கள் ஊர் டீக்கடையிலும் இதே பேச்சு. கடைசியில் குழந்தை துவண்டு போனதும் அந்த டிவியில்தான் வந்தது. பிறகு அரசு அவனை அப்படி ஓட விடக் கூடாதென்று தடுத்து, விளையாட்டு விடுதியில் சேர்த்தது. பெரியவனான பிறகு அவன் பெயர் எந்தப் பெரிய போட்டியின் முடிவிலும் வரவில்லை. அமெரிக்காவில் வெஸ்லி பால் என்ற பையன் 1977இல் எட்டு வயதில் நியூயார்க் மாரத்தானை மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டி முடித்தான். இன்று உலக சாம்பியன்ஷிப்பில் மாரத்தான் ஓட 20 வயது ஆகியிருக்க வேண்டும். இதைச் சொன்னால் சில அப்பாக்கள், "அவங்க எல்லாம் நம்ம பசங்க மாதிரி இல்லீங்க சார்" என்பார்கள்.

உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒரே வேகத்தில் ஓடினாலும் சின்னப் பிள்ளை பெரியவரைவிட அதிக அடி வைக்கிறது, எடைக்கு எடை பார்த்தால் அதிக ஆக்சிஜன் செலவாகிறது. வியர்வை குறைவு, உடம்பின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வெளியே சூடு ஏறினால் அதை வேகமாக இழுத்துக்கொள்ளும். மார்ச்சில் 40 டிகிரியைத் தொடுகிற பாலக்காட்டில் இது சும்மா விஷயமா? எலும்பின் நுனியில் வளர்கிற பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். எட்டு வயதிலிருந்து பதினாலு வரை குதிகால் வலி என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எலும்பு சட்டென்று வளர்ந்து, பின்னங்கால் தசைநார் அந்த வளரும் இடத்தைப் பிடித்து இழுப்பதுதான் காரணம். முழங்காலுக்குக் கீழே சின்னப் புடைப்பு வருவதும் அதே குடும்பத்து வலி. ஓய்வு கொடுத்தால் போய்விடும். எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் காலை தார் ரோட்டில் ஓட விடுவதுதான் எங்கள் ஊர் வைத்தியம்.

இன்னொன்று, பன்னிரண்டு வயதில் ஜெயிக்கிறவன் யார் என்று கூர்ந்து பார்த்தால் பாதி நேரம் முதலில் மீசை அரும்பியவன். டிசம்பரில் பிறந்தவன் ஜனவரியில் பிறந்தவனோடு ஓடும்போது கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம், அந்த வயதில் அது நாலு விரல் உயரம். பிறந்த தேதியையே மாற்றுகிறவர்களும் உண்டு, அதனால்தான் மேல்மட்டப் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். என்னிடம் ஆறாம் வகுப்பில் எல்லா ஓட்டத்திலும் கடைசியில் வந்த ஒருவன், ஆளும் எலும்பும் தோலும், ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. பிளஸ் டூவில் 5000 மீட்டரில் ஜில்லாவுக்குப் போனான். அவனைத் தோற்கடித்தவர்களில் ஒருவன்கூட அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

இந்த ஜில்லாவில் இதைச் சொல்வது சுலபமில்லை. 2022, 2023 இரண்டு வருடமும் மாநிலப் பள்ளி தடகளத்தில் பாலக்காடுதான் முதலிடம். முண்டூர் பள்ளியில் படித்த பி.யு. சித்ரா 2017இல் புவனேஸ்வரில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். இடுக்கியிலிருந்து இங்கே வந்து ஓடிய பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம், 5000இல் வெள்ளி. தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிற அப்பா இதைப் பார்த்துவிட்டு மகனை ஓடச் சொல்வதில் என்ன தப்பு? விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு நிச்சயம், பிறகு பத்தாம் வகுப்பில் விளையாட்டுக்கான கிரேஸ் மார்க், போலீஸ் வேலை, ரயில்வே வேலை. ஆசை நியாயமானது. ஆனால் குவாங்சூவில் பிரீஜாவுக்கு 28 வயது என்பதை நான் சொன்னால்தான் கணக்குப் போடுகிறார்கள். அஞ்சாம் வகுப்புப் பையனுக்குக் கிரேஸ் மார்க் கேட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் என்னிடம் யு.பி. என்கிற நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூர ஓட்டம் உண்டு, ஆனால் வாட்ச் என் பையில். வாய்க்கால் கரையில், மண்ணில், பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச்சு நின்றால் எல்லோரும் நடப்போம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே தள்ளும்போது ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு ஓடுவதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குப் பிடித்த பந்தயம் ஒன்று இருக்கிறது. ஓடுவதற்கு முன்னால், ஒரு கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் முடிப்பேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், நான் எழுதிக்கொள்வேன். சொன்ன நேரத்துக்கு மிகக் கிட்டத்தில் முடிப்பவர் ஜெயிப்பார். மீசைக்காரன் மூன்றரை நிமிடம் என்று பீற்றிவிட்டு அரை நிமிடம் தாமதமாக வந்து நிற்பான். கடைசியில் வருகிற குண்டுப் பெண் ஆறு நிமிடம் நாற்பது என்று சொல்லி இரண்டு வினாடி வித்தியாசத்தில் முடித்து, பேனாப் பரிசை வாங்கிக்கொண்டு போவாள். முதல் 200 மீட்டரில் பாய்கிற வியாதி பாதி குணமானது இதில்தான், நான் தொண்டை கிழியக் கத்தியதில் அல்ல.

இந்த ஓணத்துக்கு, அந்த மினி மாரத்தான் நடத்திய கிளப்பில் உட்கார்ந்து பேசினேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒரு கிலோமீட்டர், மைதானத்தைச் சுற்றி, காலை ஏழரைக்குள், நின்றவர்க்கும் சர்ட்டிபிகேட் என்பது வரை இறங்கி வந்தார்கள். ரொக்கப் பரிசை மட்டும் விட மாட்டோம் என்கிறார்கள், பேனரில் பேர் போடப் பணம் கொடுத்தவருக்கு அது வேண்டுமாம். எல்லையில் இருக்கிற கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் எல்லா வயதுக்கும் ஐந்து கிலோமீட்டர்தான், இரண்டு அப்பாக்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகப் போவதாக என் காதுபடவே சொன்னார்கள், போகட்டும். கொடியசைக்கிறவர் ஏழரைக்கு வருவாரா என்று செயலாளரிடம் கேட்டேன், தலையைச் சொறிந்தார். வராவிட்டால் நானே விசில் அடித்துப் பிள்ளைகளை ஓட விட்டுவிடுவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.