மஞ்சள் பாத்தியில் நடந்த பஞ்சாயத்து

யீஷூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி வேலி போட்ட ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தில் வந்தது. சிங்கப்பூர் முழுக்க இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இப்படி இருக்கின்றன.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் 1989 முதல் இன விகிதாசாரம் உண்டு. அதனால் ஒரே மாடியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கலந்தே இருப்போம். ஆனால் கதவுகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் பழக்கம் வந்துவிடுமா? மின்தூக்கியில் தலையசைப்போம், அதோடு சரி. எங்களைப் பேச வைத்தது மஞ்சள் செடிதான்.

பொங்கல் பானையில் கட்ட எனக்குக் கிழங்கும் இலையுமாக முழுச் செடி வேண்டும். தேக்காச் சந்தையில் கிடைக்கும், இருந்தாலும் நம் கையால் வளர்த்ததைக் கட்டுவதில் தனிச் சந்தோஷம். ஆறாவது மாடி மக்சிக்குக்கோ (மலாய்க்காரப் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இலை மட்டும் போதும். ரெண்டாங் என்கிற மலாய் இறைச்சிக் கறியில் அதை மெல்லிசாக அரிந்து போடாவிட்டால் அவருக்கு அது ரெண்டாங்கே இல்லை. ஜனவரியில் நான் பிடுங்கிவிட்டால், மார்ச்சில் நோன்புப் பெருநாளுக்கு அவர் இலைக்கு எங்கே போவார்? பாத்தியோ ஒன்றுதான். இரண்டு பேரும் அதன் முன்னால் நின்று, சங்கடத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தீர்த்து வைத்தவர் பாகற்கொடி வளர்க்கும் சீன அங்கிள். "பிடுங்காமல் விட்டாலும் இலை நிற்காது" என்று பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னார். கிழங்கு முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும், அதற்குப் பிறகு இலை பழுத்துச் சாய்ந்துவிடும். ஆகவே ஏப்ரலில் ஒரு வரிசை எனக்கு, செப்டம்பரில் ஒரு வரிசை மக்சிக்குக்கு. பொங்கலுக்கு என் வரிசையை எடுக்கும்போது அவருடையது பச்சைப் பசேலென்று நிற்கும். அப்போது எடுக்கும் கிழங்கிலேயே நல்லதாகப் பார்த்து அடுத்த விதைக்கு வைத்துக்கொள்கிறோம். பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு ஆட்டிறைச்சி ரெண்டாங் வரும். பொங்கலன்று அவர் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் போகும்.

கூட்டம் கூட்டி, விருந்து வைத்துப் பழக வைப்பதும் நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு ஒருவர் நிஜமாகவே தேவைப்படும்போது வருகிற பழக்கம் வேறு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அதற்கு யாரையாவது வாய்விட்டுக் கேட்டே ஆகவேண்டும். டெங்கியும் அப்படித்தான். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர ஒரு வாரம் பத்து நாள் போதும். வாளி யாருடையது என்று பார்க்காமல், கண்ணில் பட்டவர் கவிழ்த்துவிட்டுப் போகிறோம்.

சீனப் புத்தாண்டுக்கு அங்கிள் மலேசியாவில் உள்ள ஈப்போவுக்குப் போகிறார், பாகற்கொடி என் பொறுப்பு. பழ ஈ கொட்டுவதற்கு முன்பே, விரல் நீளப் பிஞ்சாக இருக்கும்போதே காகிதம் சுற்றிவிட வேண்டுமாம். எவ்வளவு தளர்வாகச் சுற்றுவது என்று நேற்று மாலை எனக்கும் மக்சிக்குக்கும் செய்து காட்டினார். பழைய *தமிழ் முரசு* தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்.