கடற்கரைப் பிள்ளைகளும் ஒரு மணல் தொட்டியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் இடையிலுள்ள கடற்கரை ஊர்களின் பிள்ளைகளோடு நான் குழந்தைகள் ஆலோசகராக வேலை செய்கிறேன். பிள்ளையை அழைத்து வரும் தாய்மார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். "டீச்சர், என்னண்ணு கேட்டா இவன் வாயைத் தொறக்க மாட்டேங்கான்." ஆறு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டால் என்ன சொல்லும்? ஏக்கமும் கோபமும் பயமும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும்போது பிரித்துச் சொல்லப் பெரியவர்களுக்கே வராது. பிள்ளை வயிறு வலிக்கிறது என்கும், பள்ளிக்கூடம் வேண்டாம் என்கும், இல்லையென்றால் தம்பியைக் கடிக்கும்.

அதனால் நாங்கள் கேட்பதில்லை. விளையாட விடுகிறோம். ஒரு மணல் தொட்டி, களிமண், கிரயான், சின்னச் சின்ன பொம்மைகள். லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1920களின் இறுதியிலேயே பிள்ளைகளுக்கு மணல் தட்டும் குட்டிப் பொருட்களும் கொடுத்து, அவர்கள் கட்டும் உலகத்தைக் கவனித்தார். அப்புறம் 1947இல் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன், இப்படி விளையாட்டு வழியாகச் சிகிச்சை செய்வதற்கு எட்டு நெறிகளை எழுதி வைத்தார். அதில் எனக்கு முக்கியமானது, வழியைப் பிள்ளை காட்டட்டும், நாம் பின்னால் போவோம் என்பது. கேட்க எளிதாக இருக்கிறது. முக்கால் மணி நேரம் அறிவுரையும் சொல்லாமல், "சூப்பர்" என்று பாராட்டவும் செய்யாமல் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

பொம்மைகள் அந்த ஊருக்குரியவையாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடையில் வாங்கிய மாடி வீட்டுப் பொம்மையை இங்கே யாரும் தொடுவதில்லை. தென்னம்பாளைக் கொதும்பில் செய்த வள்ளம், தச்சர் செய்து தந்த விசைப்படகு, வலைத்துண்டு, ஐஸ்பெட்டி, சிலுவை வைத்த ஒரு குட்டிக் குருசடி, இவைதான் கைக்குக் கை மாறும். உள்ளே ரப்பர் தோட்டப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் பால் எடுக்கும் சிரட்டையைத் தேடுவார்கள்.

இந்த ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அப்பா வீட்டில் இருப்பார். பிள்ளை அவரோடு ஒட்டிக்கொள்ளவே பாதிக் காலம் போய்விடும். ஒட்டியதும் ஆகஸ்ட் வந்துவிடும். எங்களிடம் வரும் பல பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு இந்தக் காலண்டரோடு தொடர்பு உண்டு.

ஒரு பையன் ஒவ்வொரு வாரமும் படகுகளை வரிசையாக நிறுத்துவான். ஒன்றை மட்டும் மணலில் புதைப்பான், தோண்டி எடுப்பான், மறுபடி புதைப்பான். பார்ப்பவர்கள் உடனே ஒக்கி என்றுதான் நினைப்பார்கள். 2017 நவம்பர் இறுதியில் அடித்த அந்தப் புயலில் கடலுக்குப் போனவர்களை இழந்த ஊர்கள் இவை. இன்று வரும் பிள்ளைகளில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள் என்றாலும், மாலை போட்ட படங்களைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ஆனால் பிள்ளை சொல்லும் முன் நாம் அர்த்தம் கட்டிவிடக் கூடாது. "அந்தப் படகு உள்ளே போயிட்டு" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்வேன். அவன் தலையாட்டுவான், வேலையைத் தொடர்வான்.

பிறகொரு நாள் பொம்மை போனை என் கையில் தந்து, "நீங்க அப்பா. பேசுங்க" என்றான். இப்படிப் பாத்திரம் கொடுத்தால், என்ன பேச வேண்டும் என்று பிள்ளையிடமே ரகசியமாகக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வருவேன்னு சொல்லுங்க. ஆனா வரப்பிடாது." நான் சொன்னேன், வரவில்லை. அவன் போனைப் பிடுங்கிக் கத்தினான், "பொய்! எப்பவும் பொய்!" "சொன்னபடி வரலண்ணா ரொம்பக் கோவம் வருது" என்றேன். கைநிறைய மணலை அள்ளிப் படகின் மேல் கொட்டினான்.

அழுகையை நிறுத்த அப்பா வருவார் என்று வீட்டில் எல்லாரும் ஒரு கிழமையைச் சொல்லி வைத்திருந்தார்கள். விளையாட்டறையில் நடப்பதை அப்படியே வெளியே சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு அது. அம்மாவிடம் இவ்வளவுதான் சொன்னேன்: தெரியாத தேதியைச் சொல்லாதீர்கள்; கரை சேர்ந்ததும் அப்பா கூப்பிடுவார் என்று மட்டும் சொல்லுங்கள்.

இரகசியத்துக்கு ஒரு எல்லை உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பேசாமல் இருக்க முடியாது. பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்கிறேன். அதற்காக ஒரு பொம்மையின் உடையைக் கழற்றியதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கவும் முடியாது.

"விளையாட வீட்டிலேயே ஆளிருக்கே டீச்சர்" என்று சில பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் வாரம் அரைமணி நேரம் வீட்டில் விளையாடத் தாய்மாருக்குப் பழக்கித் தருகிறோம். 1960களில் அமெரிக்காவில் கெர்னி தம்பதியர் தொடங்கிய முறை இது. போன் வேண்டாம், திருத்த வேண்டாம், பாடம் நடத்த வேண்டாம். அடிக்கவும் உடைக்கவும் மட்டும் அனுமதி இல்லை. தடைக்காலத்தில் அப்பாக்களையும் உட்கார வைக்கிறோம். வலை பின்னிப் பழகிய கை முதலில் கூச்சப்படும். பிள்ளை "நீங்க மீனு" என்றால் மீனாகத்தான் கிடக்க வேண்டும், பிடித்தால் துள்ளவும் வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு அந்த அரைமணி நேரம் யாருடையது, அம்மாவா மாமாவா என்பதை ஜூலை முடியும் முன்பே பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசி வைக்கிறோம்.